பழைய பாராகிளைடர் வாங்குமுன் கயிறுகளைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பந்திங் வட்டாரத் தோட்டப்புற இளைஞர்கள் சிலர் ஜுக்ரா மலையில் பறக்கக் கற்ற கையோடு, இணையத்தில் பழைய பாராகிளைடர் (துணி இறக்கையில் கயிறுகளால் தொங்கிப் பறக்கும் சாதனம்) தேடுகிறார்கள். பழையது வாங்குவதில் தவறில்லை. ஆனால் படத்தையும் விலையையும் பார்த்தே பணம் கட்டுவது உயிருக்கு ஆபத்து.

லேபிளில் 75–95 கிலோ என்றிருந்தால் அது உடல் எடை அன்று. உடலோடு இறக்கை, ஹார்னஸ் (பறப்பவர் உட்காரும் பட்டை இருக்கை), ரிசர்வ் பாராசூட் (அவசரத்துக்கானது), ஹெல்மெட் எல்லாம் சேர்ந்த எடை. 65 கிலோ ஆளுக்குச் சாமான்களோடு 80-ஐத் தாண்டும், பொருந்தும். எடை குறைந்தால் இறக்கை மந்தமாகத் திரும்பும், கலங்கிய காற்றில் எளிதில் மடங்கும். புதியவர்களுக்கு, ஐரோப்பியப் பாதுகாப்புச் சான்றிதழில் மிகச் சாதுவான இஎன் ஏ வகுப்பே போதும். கைதேர்ந்தவர்களுக்கான சி, டி வகுப்புகள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

துணியில் காற்று ஊடுருவும் நேரத்தைப் போரோசிட்டி கருவியால் அளக்கச் சொல்லுங்கள். மேல்பரப்பில், முன்விளிம்பை ஒட்டி, நடுப்பகுதியில் நாலைந்து இடம். அங்கேதான் வெயில் முதலில் தின்னும். புதுத்துணி நூற்றுக்கணக்கான விநாடிகள் காட்டும். பத்துப் பதினைந்து விநாடிதான் வருகிறதென்றால் விட்டுவிடுங்கள். கயிற்றை மாற்றலாம், துணி போனால் போனதுதான்.

பலர் கோட்டை விடுவது கயிற்றில். டைனீமா என்னும் செயற்கை இழைக் கயிறு ஈரத்திலும் குறைந்த பாரத்திலும் சுருங்கும். முன்வரிசைக் கயிறுகள் பெரும்பாரத்தைத் தாங்குவதால் இழுபட்டே இருக்கும். பின்வரிசை மட்டும் குட்டையாகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு மடித்து வைத்த இறக்கையை இன்னும் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். பின்வரிசை குட்டையானால் இறக்கையின் மூக்கு நிமிர்ந்து, வேகம் குறைந்து, டீப் ஸ்டாலுக்கு (இறக்கை விரிந்தபடியே முன்னே பறக்காமல் கீழே இறங்கும் நிலை) அருகில் பறக்கும். புதிதாக இருந்தபோது வாங்கிய ஏ சான்றிதழ் அப்போது எதற்கும் உதவாது.

இதைத் தரையிலேயே கண்டுபிடிக்கலாம். மென்காற்றில் திடலில் விரித்துத் தூக்குங்கள். நல்ல இறக்கை தயங்காமல் தலைக்கு மேல் வந்து நிற்கும். பாதியில் பின்னால் தொங்கினால் பின்வரிசை சுருங்கியிருக்கலாம். ஒருபக்கமாகவே சாய்ந்தால் ஹார்னஸ் பட்டைகள் இருபுறமும் சமமா என்று முதலில் பாருங்கள். பிறகும் சாய்ந்தால் இடவலக் கயிறுகளில் நீள வித்தியாசம் இருக்கும். பிரேக் பிடியை முழுதாக விட்டபின் பின்விளிம்பு இழுபடக் கூடாது. பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் தளர்வு வேண்டும். வசதிக்காக யாராவது பிரேக் கயிற்றைக் குட்டையாக்கியிருந்தால், அந்த இறக்கை எப்போதும் பிரேக் பிடித்தபடியே பறக்கும்.

சுருக்கத்தைப் பெரும்பாலும் ரைசர் (கயிறுகளை ஹார்னஸோடு சேர்க்கும் பட்டை) இணைப்பில் முடிச்சு மாற்றிச் சரிசெய்யலாம், ஆனால் அது பரிசோதனைப் பட்டறையின் வேலை. ஒவ்வொரு கயிற்றின் நீளமும், தயாரிப்பாளர் தந்த அளவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகல் என்பதும் எழுதிய தாளை விற்பவரிடம் கேளுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டு அல்லது 100 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். தாள் இல்லையென்றால் பரிசோதனைச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கூடவே தரும் ரிசர்வ் பாராசூட்டையும், கடைசியாக என்று மடித்தார்கள் என்பது தெரியாவிட்டால், பறக்குமுன் பிரித்து மறுபடி மடிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாராகிளைடர் பறப்போர் சிலர்,
பந்திங், சிலாங்கூர்