பாப்பாவுக்கு, நேபாளம் கிளம்பும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வேலையை விட்டுவிட்டு நேபாளத்துக்குத் தனியாகப் போய் ஒரு கிராமத்துப் பள்ளியில் பாடம் சொல்லித்தரப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். குரலில் பாதி பெருமை, பாதி பயம். "எல்லாம் நீ கிளப்பிவிட்ட ஆசைதான்" என்றார். உண்மைதான். 2018இல் நான் நேபாளத்தின் லம்ஜுங் மாவட்டத்தில் பாடம் சொல்லித்தரப் போய்வந்த கதையை உனக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். பனிமலையைச் சொன்னேன், மழைக்காலத்து அட்டைகளைச் சொன்னேன். வகுப்பறையில் நடந்ததை மட்டும் சரியாகச் சொல்லவில்லை. உன்னைப் போலக் கிளம்பும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று எல்லாருக்கும் தெரியவே எழுதுகிறேன்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர் வரை போனேன், ரயிலிலேயே இரண்டு இரவு. அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி. எல்லையை நடந்தேதான் கடந்தேன். 1950 இந்திய-நேபாள ஒப்பந்தத்தால் நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்கட்டும். நம் நூறு ரூபாய் அங்கே நூற்று அறுபது. கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளி வை. எல்லை தாண்டியதும் வரும் பைரஹவாவிலிருந்து பொக்கராவுக்கு நான் இரவு பஸ்ஸில் போனேன். நீ பகலில் போ. மலைப்பாதை முழுக்க வளைவு, மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. பொக்கராவிலிருந்து பேசிசஹர், அப்புறம் ஜீப், அப்புறம் இரண்டு மணி நேரம் ஏற்றம். தனியாகப் போனதில் எனக்குப் பயம் இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன். கோரக்பூர் ஸ்டேஷனில் பையைக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மலை ஏறிய பிறகு அந்தப் பயம் ஒருநாளும் வரவில்லை.

நான் போனது சித்திரையில். அந்த வருஷம் நம் சித்திரை ஒன்றும் அவர்களுடைய வைசாகம் ஒன்றும் ஒரே நாளில், ஏப்ரல் 14இல் வந்தன. அவர்களுடைய விக்ரம நாட்காட்டியில் அது 2075ஆம் வருஷம். பள்ளிக்கூட வருஷமும் வைசாகத்தில்தான் தொடங்குகிறது. அப்போது வாரத்தில் சனிக்கிழமை ஒன்றுதான் விடுமுறை, ஞாயிறும் பள்ளி இருந்தது. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2015 ஏப்ரல் 25இல், பக்கத்து மாவட்டமான கோர்க்காவில் மையம் கொண்டு நிலநடுக்கம் வந்தபோது பகல் பன்னிரண்டு ஆகப்போகிற நேரம். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன. அன்று சனிக்கிழமை, பிள்ளைகள் உள்ளே இல்லை. நான் இருந்த பள்ளியின் பழைய கல் சுவரிலும் ஆள் கை நுழையும் அளவுக்கு விரிசல். மூன்று வருஷம் கழித்தும் அந்தப் பக்கம் போகிற சின்னப் பிள்ளைகள் சுவரை விட்டு விலகித்தான் நடந்தார்கள்.

இப்போது வகுப்புக்கு வருகிறேன். நாலாம் வகுப்பு, பதினாலு பிள்ளைகள். பெரும்பாலும் குருங் என்ற மலைவாழ் இனத்து வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் குருங் மொழி, பள்ளியில் நேபாளி, புத்தகத்தில் ஆங்கிலம். தனியார் 'போர்டிங்' பள்ளிக்குப் பிள்ளைகள் போய்விடாமல் இருக்க, அரசுப் பள்ளிகளும் ஆங்கில வழிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. தாய்மொழியில் படிக்கும் உரிமையை அவர்களுடைய 2015 அரசியலமைப்பே கொடுத்திருக்கிறது. ஆனால் அப்பா துபாயிலோ மலேசியாவிலோ வேலை பார்க்கிற வீட்டில் எல்லாரும் கேட்பது ஆங்கிலம்தான். நம் ஊரில் நடக்காததா?

ஒரு பையன் எழுந்து, உழவரைப் பற்றிய ஆங்கிலப் பாடத்தை ஓர் எழுத்து தடுமாறாமல் வாசித்தான். நான் பூரித்துப்போனேன். "புஜ்யோ?" என்று கேட்டேன். புரிந்ததா என்று அர்த்தம். "புஜ்யோ மிஸ்!" என்று வகுப்பே கத்தியது. 'பிளவ்' (plough) என்றால் என்ன என்று கேட்டதும் அத்தனை பேரும் டெஸ்க்கைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, இரண்டு வயல் தள்ளி, அவனுடைய தாத்தாவே மாடு பூட்டி உழுதுகொண்டிருந்தார். நான் விரலை நீட்டிக் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு "ஹலோ!" என்றான். நேபாளியில் கலப்பைக்கு ஹலோ என்று பெயர். அந்தப் பையனுக்குக் கலப்பையின் ஒவ்வொரு கட்டையும் தெரியும், எந்த மரத்தில் செய்வார்கள் என்பதும் தெரியும். எனக்குத்தான் எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு. எல்லாவற்றையும் நானே சரிசெய்கிறேன் என்று இறங்கினேன். பாட்டு, படம், விளையாட்டு. பிள்ளைகள் என்னை விட்டு நகரவில்லை. அவர்களுடைய வகுப்பு டீச்சர் மூன்று வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வு கொடுத்ததாக நான் நினைத்தேன். ஒருநாள் மாலை, வறுத்த மக்காச்சோளத்தை என் கையில் கொட்டிக்கொண்டே இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் தசைன் பண்டிகைக்குப் போய்விடுவீர்கள். கார்த்திகையில் இந்தப் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்க வேண்டுமே." கோபமே இல்லை அவர் குரலில். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து அவர் முன்னால், நான் பக்கத்தில். அவர் குருங்கிலும் நேபாளியிலும் பேச்சை ஆரம்பிப்பார். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். கடைசியில் அதற்கான ஆங்கிலச் சொல்லை நான் கொடுப்பேன். காலண்டர் அட்டையை வெட்டி, கலப்பை, நுகம், கூடை, அரிவாள் என்று படம் வரைந்து இருவருமாக ஒரு கட்டு செய்தோம். ஆஷாட மாதம் பதினைந்தாம் நாள், நடவு நாள். ஊரே சேற்றில் இறங்கி, தயிரும் அவலும் சாப்பிட்டது. அன்று வயலில்தான் எங்கள் வகுப்பு. அந்த ஒரு நாளில் பிள்ளைகள் பிடித்துக்கொண்ட சொற்கள் என் மூன்று வார ஆட்டம்பாட்டத்தில் வரவில்லை. நான் கிளம்பும்போது அட்டைக்கட்டு டீச்சரின் அலமாரியில் இருந்தது.

அதனால்தான் பாப்பா, உன்னிடம் சிலதைக் கறாராகவே சொல்கிறேன். இரண்டு வாரத்துக்குப் போவதென்றால் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வா, பள்ளிக்குப் போகாதே. பெரிய தொகை கேட்கும் ஏஜென்சியிடம், அதில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று கேள்; என்னிடம் கேட்டவர்கள் அதற்குப் பதிலே சொல்லவில்லை. அநாதை இல்லத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். அங்கே இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களின் பணத்துக்காகவே அவர்களைப் பிரித்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு. பள்ளியில் சேர்ந்த முதல் நாளே நீ திரும்பும் தேதியைக் கரும்பலகையில் எழுதிப் போடு. பிள்ளைகள் தினமும் பார்த்துப் பழகட்டும்.

சாப்பாட்டுக்குக் கவலையே படாதே. காலையும் மாலையும் பருப்பும் சோறும். சில நாள் 'கோதோ' மாவில் டிண்டோ கிண்டுவார்கள். கோதோ நம் கேழ்வரகுதான், டிண்டோ நம் களிதான். நான் தங்கியிருந்த வீட்டு 'ஆமா', அதாவது அம்மா, முதல் தடவை தட்டில் வைத்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டே நின்றார். நான் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினேன். உன் பாட்டி வீட்டில் நாம் சாப்பிடுவது போலவே. அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நேபாளியில் நூறு வரை எண்ணவும், 'புஜினா', அதாவது 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லவும் கற்றுத்தருகிறேன். களி கிண்டி வைக்கிறேன்.

உன் அத்தை