பதினோரு மணிப் பக்கம் ஒரு வெளிச்சம்

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். முழங்கால் பழையபடிதான். மொட்டை மாடியில் நீ ஏதோ வெளிச்சத்தைப் பார்த்த விவகாரத்தை வைத்து இத்தனை வருடமாக உன்னை ஓட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா? இனி அந்த உரிமை எனக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன செவ்வாய் இரவு, கடலுக்கு மேல் 37,000 அடியில் பறந்துகொண்டிருந்தோம். நிலா இல்லை. கீழே ஒரு கப்பல் விளக்குகூட இல்லை. நான் இருக்கையிலேயே அரைமணி நேரம் கண்ணயர்ந்து அப்போதுதான் விழித்திருந்தேன். "கேப்டன், பதினோரு மணிப் பக்கம் பாருங்க" என்றாள் கோ-பைலட், அதாவது நேர் முன்னாலிருந்து கொஞ்சம் இடது பக்கம். அடிவானத்துக்குச் சற்று மேலே ஒரு வெள்ளை வெளிச்சம், பிரகாசமாகிக்கொண்டே போய் மங்கி அணைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நான்காவது மட்டும் அணையவில்லை. அப்படியே நின்று பெரிதாகிக்கொண்டே வந்தது.

பக்கத்தில் வேறு விமானம் இருந்தால் காட்டும் டீகேஸ் திரை காலி. ரேடியோவில் கேட்டோம், முன்னால் யாரும் இல்லை என்றார்கள். "எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டேன். "ஐம்பது மைலாவது இருக்கும்" என்றாள். எனக்கோ ஐந்து மைல்தான் என்று பட்டது. குனிந்து பார்க்கிறேன், என் கை விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைப் பிடித்திருக்கிறது. எப்போது போனது என்று தெரியவில்லை.

ஸ்டார்லிங்க், அந்த இணையச் செயற்கைக்கோள்கள் என்று நீ சொல்லப்போவது காதில் விழுகிறது. 2019 மே மாதம் 60 செயற்கைக்கோள்களை ஒரே மூச்சில் ஏற்றினார்கள், இப்போது ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியன் அவற்றில் பட்டுத் தெறிக்கும், அதுவும் 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து. சரி, முதல் மூன்றுக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்காவது இரண்டு நிமிடம் நின்றதே! கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இருட்டில் ஒற்றைப் புள்ளியையே முறைத்தால் நிற்பதும் நகரும் என்று பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். 1948-இல் ஃபார்கோ நகரத்துக்கு மேல் கோர்மன் என்ற விமானி ஒரு வெளிச்சத்தை 27 நிமிடம் துரத்தினார். விளக்குக் கட்டிய வானிலை பலூன் என்று விமானப்படை முடிவு செய்தது. பிச்சை சார் அதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது, உன்னையும் என்னையும் வெளியே அனுப்பும் அளவுக்கு.

இப்போது சிரிப்பு வரவில்லை. 2011 ஜனவரியில் கனடாவிலிருந்து சூரிக் போன ஒரு போயிங் 767 ஞாபகம் இருக்கிறதா? தூங்கி எழுந்த துணை விமானி முதலில் வெள்ளிக் கிரகத்தை எதிரே வரும் விமானம் என்று நினைத்தார். அப்புறம் நிஜமாகவே எதிரே வந்த விமானத்தைப் பார்த்துவிட்டு மோதப்போகிறது என்று மூக்கைக் கீழே அழுத்தினார். அது 1,000 அடி கீழே ஒழுங்காகத் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. 16 பேருக்குக் காயம். அதைப் படித்தபோது "இப்படியும் ஒரு ஆளா" என்று உனக்குத்தான் ஃபோன் செய்தேன். என் விமானத்தில் பின்னால் 180 பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், சேகர். அவள் "ஐம்பது" என்று சொல்லாமல் இருந்திருந்தால்?

வெளிச்சம் சுவிட்சைத் தட்டியது போல் போய்விட்டது. "ரிப்போர்ட் எழுதலாமா சார்?" என்றாள். "பார்க்கலாம்" என்றேன். இறங்கும்வரை அவள் வேறு எதுவும் பேசவில்லை. என் கை போன இடத்தைப் பார்த்திருப்பாள்.

பின்பக்கம் நேரம், இடம், விமானம் போன திசை எல்லாம் எழுதியிருக்கிறேன். சூரியன் எத்தனை டிகிரி கீழே இருந்தது, அந்தப் பக்கம் எந்தக் கிரகமாவது மறைந்துகொண்டிருந்ததா என்று கணக்குப் போட்டுச் சொல். சனிக்கிழமைக்குள் வேண்டும். படிவத்தில் மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டேன், கையைப் பற்றியும்தான். தூரம் என்ற கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கிறது.

உன்
ரகு