கல்யாணமான கையோடு எங்கள் பெண்களை எடை பாருங்கள்

மலை மாவட்டத்தில் தாய் சேய் நலப் பொறுப்பில் இருக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், லைன் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து எழுதுகிறேன். கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வரிசை, அட்டை, எடை, பிரஷர், ஊசி எல்லாம் நீங்கள் வகுத்துக் கொடுத்த முறைதான். சென்ற வாரம் அப்படி ஒரு வரிசையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக நின்றேன். அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை, நாலாம் மாதம். எடை மெஷினில் ஏறினாள், 84 காட்டியது. எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, "இவ்வளவு உடம்ப வச்சுக்கிட்டு ரெண்டாவது வேற கேக்குதா?" என்று ஒரு குரல். வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வீடு வந்து சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. இப்போது, அடுத்த மாதம் பரிசோதனைக்கே வரமாட்டேன் என்கிறாள்.

கேட்டவரைப் பற்றிப் புகார் கொடுக்க இந்த மடலை எழுதவில்லை. காலையிலிருந்து நின்ற கால் நின்றபடி வேலை பார்ப்பவர், அலுப்பில் வந்த வார்த்தை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த 84 கிலோ இந்த நாலு மாதத்தில் வந்ததா? தலைச்சன் பிள்ளைக்குத் தடுப்பூசி போட, சளி என்று, காய்ச்சல் என்று அவள் எத்தனையோ தடவை உங்கள் நிலையத்துக்கு வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் குழந்தையை எடை பார்த்தீர்கள், அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தீர்கள். குழந்தையைத் தூக்கி வந்தவளை ஒரு தடவைகூட அந்த மெஷினில் ஏறச் சொல்லவில்லை. அப்போது 70 இருந்திருக்கலாம், 75 இருந்திருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அடுத்த பிள்ளைக்கு முன்னால் ஏதாவது செய்திருப்பாள். இப்போது வயிற்றில் பிள்ளையோடு எடையைக் குறை என்றும் சொல்ல முடியாது. கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்து எடை குறைக்கக் கூடாது என்று உங்கள் டாக்டர்களே சொல்கிறார்கள். அப்புறம் எதற்கு அந்தப் பேச்சு?

நான் கேட்பது ஒன்றுதான். கரு உண்டாவதற்கு முன்னால் எங்களை எடை பாருங்கள். கல்யாணமான கையோடு ஒரு தடவை, ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் ஒரு தடவை.

இந்தக் கோபம் எனக்குச் சென்ற வாரம் வந்ததல்ல. என் தங்கை விஷயத்தில் வந்தது. கொழுந்து பறிக்கிறாள். நாள் தள்ளிப்போய், வாந்தி ஆரம்பித்து, பதிவுக்குப் போனபோது பதினோராவது வாரம். அன்றைக்கு 39 கிலோ. டாக்டர் நல்லவர், பொறுமையாகத்தான் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எவ்வளவும்மா இருந்தே?" தங்கை என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது வரிசையில் நிற்கவைத்து உயரமும் எடையும் எழுதினார்கள், அது எந்த நோட்டில் இருக்கிறதோ. பத்தாவதோடு நின்றாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு அவள் எடை என்ன என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கல்யாணமான மறு மாதத்திலிருந்து "ஏதாவது விசேஷமா?" என்று கேட்காத ஆள்தான் லைனில் இல்லை.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாததால் என்ன ஆனது என்று கேளுங்கள். தங்கை உயரம் 151 சென்டிமீட்டர். எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 39 கிலோவுக்கு 17 சொச்சம் வருகிறது. 18.5க்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு என்று உங்கள் கணக்கு. ஆனால் அந்த 39 வாந்தியில் இளைத்து வந்ததா, முதலிலிருந்தே அவ்வளவுதானா? 43 கிலோ இருந்தவள் வாந்தியில் நாலு கிலோ இழந்தாள் என்றால் அது ஒரு கவலை, ஒரு வைத்தியம். ஆரம்பத்திலேயே 39 என்றால் அது வேறு கவலை. பத்து மாதத்தில் எத்தனை கிலோ ஏற வேண்டும் என்பதே முன்னால் இருந்த எடையைப் பொறுத்தது. 2009இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்டு உலகம் முழுக்கப் பலர் பின்பற்றும் அளவுப்படி, எடை குறைந்தவள் பன்னிரண்டரை முதல் பதினெட்டு கிலோ ஏற வேண்டும், சரியான எடை உள்ளவள் பதினொன்றரை முதல் பதினாறு, எடை கூடியவள் ஏழு முதல் பதினொன்றரை, மிகவும் பருத்தவள் ஐந்து முதல் ஒன்பதுக்குள். ஆரம்ப எடை தெரியாவிட்டால் இந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? ஊகத்தில்தான் தொடங்கினார்கள்.

முப்பத்து நாலாவது வாரத்தில் ஒரு ராத்திரி பனிக்குடம் உடைந்துவிட்டது. நல்ல மழை. தேவாலா, நாடுகாணி, கூடலூர் என்று வந்து, அங்கிருந்து இங்கே முடியாது, மேலே போங்கள் என்று அனுப்பி, நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு ஏறியது வண்டி. மஞ்சு மூடி எதிரே வரும் லாரியின் வெளிச்சம்கூடப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. குழந்தை 1 கிலோ 700 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தாலே குறைந்த எடை என்கிறீர்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், அப்புறம் தங்கையின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்துச் சூடு கொடுக்கச் சொன்னார்கள். அங்கே இருந்த செவிலியர்கள் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

தங்கையின் எடைதான் இதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒல்லியான பெண்கள் எத்தனையோ பேர் நிறைமாதத்தில் நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் கரு உண்டாகும்போதே எடை குறைவாக இருக்கும் தாய்க்குக் குறைமாதப் பிரசவமும் வளர்ச்சி குறைந்த பிள்ளையும் வர வாய்ப்பு கூடுதல் என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. 151 சென்டிமீட்டர் பெண் 18.5ஐத் தொட 42 கிலோ சொச்சம் போதும். மூன்று கிலோ. கல்யாணத்துக்கும் கருவுக்கும் நடுவில் ஒரு வருஷம் இருந்தது. ஒரு வருஷத்தில் மூன்று கிலோ ஏற்ற முட்டை, பருப்பு, கடலை, கொஞ்சம் பால், வயிற்றில் பூச்சி இருந்தால் அதற்கு மாத்திரை, இரத்தம் குறைவாக இருந்தால் அதற்கு மாத்திரை, இவ்வளவுதானே வேண்டும்? கஷ்டம்தான் என்றாலும் முடியாத காரியம் இல்லை. மூன்று கிலோ குறைகிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்தை எப்படி நிறுக்கிறார்கள் என்று ஒரு நாள் வந்து பாருங்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து, கிராம் கணக்கில் பேர் எழுதிக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பறித்தவளை நிறுக்க ஆள் இல்லை. எனக்கு வயிறு எரிகிறது.

எடை கூடினாலும் இதே கதைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை குறைந்தவர்கள் 12.6 சதவீதம், எடை கூடியவர்கள் 40.4 சதவீதம். பத்தில் நாலு பேர். ஏழைக்கு எடை கூடுமா என்று கேட்காதீர்கள். ரேஷன் அரிசிச் சோறு, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, அதோடு ஒரு வர்க்கி அல்லது பன், குளிர் என்று எண்ணெயில் பொரித்தது. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. ஒரே லைனில் அடுத்தடுத்த வீட்டில் ஒருத்தி 39, ஒருத்தி 84, இரண்டு பேருக்கும் இரத்தசோகை. கேரட்டும் பீன்ஸும் விளைகிற மாவட்டம் இது. அதெல்லாம் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது.

எடை கூடிய தாய்க்குக் கர்ப்ப காலச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வர வாய்ப்பு அதிகம், கொதிப்பு முற்றினால் வலிப்பு வரை போகும். சிசேரியன் அதிகம், தையல் போட்ட இடம் சீழ் பிடிப்பது அதிகம், காலில் இரத்தம் உறைவது அதிகம். பிள்ளை நாலு கிலோவைத் தாண்டிப் பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்வதும், வயிற்றிலேயே உயிர் போவதும் கூடுதல். முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பதும் அப்படித்தான். அந்தத் தண்டு மூடுவது கரு உண்டான முதல் 28 நாளுக்குள். நாள் தள்ளியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரிவதற்குள் பெரும்பாலும் அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. நீங்கள் பதிவு செய்து போலிக் அமில மாத்திரை கொடுப்பதற்குள் வாரக் கணக்கில் தாண்டிவிடுகிறது. கருவுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை அது.

கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று சர்க்கரை நோய் மருத்துவர் டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்தியதை நாட்டுக்கே முன்னோடியாக நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் இது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி கொடுக்கிறீர்கள், அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. அதெல்லாம் இல்லாவிட்டால் எங்கள் பாடு இன்னும் மோசம். ஆனால் எல்லாம் கரு உண்டான பிறகுதான் தொடங்குகிறது. பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்து கொடுக்கும் எண், வாங்கினால்தான் நாங்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறோம். அதற்கு முந்தைய வருஷங்களில் நாங்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறோம்?

எங்கள் ஆட்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். அங்கேயே தங்கிவிட்ட சொந்தங்கள் இன்றும் இருக்கிறார்கள், போனில் பேசுவோம். அங்கே புதிதாகக் கல்யாணம் ஆனவர்களைக் குடும்பநல மாது பதிவு செய்து, பிள்ளை உண்டாவதற்கு முன்பே எடை, உயரம் பார்த்து, போலிக் அமிலமும் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் மலைதான். கடலுக்கு அந்தப் பக்கம் முடிகிறது, இங்கே ஏன் முடியாது?

சாலையைப் பற்றியும் 108 வந்து சேரும் நேரத்தைப் பற்றியும், ஸ்கேனுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலை ஏறி இறங்குவதைப் பற்றியும், யானை நிற்கிறது என்று வண்டி திரும்பிப் போனதைப் பற்றியும் எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. லைன் வீட்டுக் கூரை ஒழுகுவது பற்றி எஸ்டேட் நிர்வாகத்துக்கு எழுதி எழுதி ஓய்ந்துவிட்டோம். அதையெல்லாம் வேறு ஒரு நாள் எழுதுகிறேன், அதற்கெல்லாம் கோடிகள் வேண்டும் என்பீர்கள். நான் இப்போது கேட்பதற்கு ஒரு எடை மெஷினும் ஒரு அளவுகோலும் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் அக்காக்கள் ஏற்கெனவே பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாமியாருக்குப் பார்த்துவிட்டுப் போகும்போது அதே வீட்டில் அடுப்படியில் நிற்கும் புது மருமகளையும் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசிக்குக் குழந்தையை எடை பார்க்கும் அதே நாளில் தாயையும் பாருங்கள். பாடி என்று சொல்லும் குடியிருப்புகளில் இருக்கும் பழங்குடிப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். எடை குறைந்தவளுக்கு அங்கன்வாடி சத்துமாவைக் கரு உண்டாகும்வரை காத்திருக்காமல் கொடுங்கள். கூடியவளுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, எங்கள் வீட்டில் இருக்கும் அரிசி பருப்பை வைத்தே எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று சொல்லிக்கொடுங்கள். மாமியாரையும் புருஷனையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவள் அவள்தான்.

எடையைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். அட்டையில் எழுதி அவள் கையில் கொடுத்தால் போதும். ஒரு திரை கட்டினால் இன்னும் நல்லது. திட்டு வாங்கியவள் அடுத்த முறை வரமாட்டாள், வராதவளுக்குத்தான் ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறிய பிறகு நீங்கள் வண்டி அனுப்ப வேண்டியிருக்கும்.

கோபத்தில் ஏதாவது வரம்பு மீறி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் இந்த மலையில் மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்து வேலை செய்பவர்கள் என்று தெரியும். தயவுசெய்து இதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, முதலில் ஒரே ஒரு எஸ்டேட்டிலாவது ஆரம்பித்துப் பாருங்கள். காலையில் முகாம் வைத்தால் அரைநாள் கூலி போகும், யாரும் வரமாட்டார்கள். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிகிற நேரத்தில், நிறுக்கிற இடத்துக்கே வாருங்கள். எல்லாரும் அங்கேதான் இருப்போம். தேதியை முன்கூட்டிச் சொன்னால் லைன் லைனாகப் போய்ச் சொல்லி ஆள் சேர்ப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
பந்தலூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா