விண்டோஸ் 10 கணினியைக் கழிக்க வேண்டாம்

ஐயா,

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நன்றாக ஓடும் கணினியையே பலர் எடைக்குப் போடப் பார்க்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். 4 ஜிபி ரேம் இருந்தால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். புதியவர்கள் லினக்ஸின் பத்துப் பதிப்புகளை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

மின்ட் கோப்பைப் பதிவிறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலி, பிரிண்டரைச் சோதியுங்கள். வைஃபை வராவிட்டால் பெரும்பாலும் அந்தக் கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லாத குறைதான். செல்போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் போட்டு, மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நிறுவும்போது வட்டை முழுதாக அழிக்கும் தேர்வைச் சொடுக்கினால் எல்லாம் போய்விடும். கோப்புகளை முன்பே நகலெடுங்கள், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவையும் சேர்த்து. அது இல்லையென்றால் அதில் தட்டச்சு செய்த பழைய கடிதங்கள் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

டேலியில் கணக்கெழுதும் கடைக்காரர்கள் மட்டும் பொறுக்கவும். அது லினக்ஸில் நேரடியாக ஓடாது.

- வாசகர், காரைக்குடி