குப்பைக்கூடைக்கு மேலே ஒரு நோட்டு

மதுரை,
ஐப்பசி 12

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. மூட்டு வலி குறைந்து, மலைக்கோட்டைப் பக்கம் காலையில் மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது எனக்கே கால் லேசானது போல் இருந்தது. இங்கே நாங்கள் இருவரும் நலம். பிள்ளைகள் இருவரும் அவரவர் ஊரில் நலம்.

கடிதத்தின் முடிவில், ஓய்வூதியம் ஏறுவதைவிடக் காய்கறிக் கணக்கு வேகமாக ஏறுகிறது என்றும், இதில் தேதி தாண்டிய பொருளை எல்லாம் மருமகள் தூக்கிப் போடுவதும் தங்கை, அதாவது உன் மனைவி, அதை மறுபடி எடுத்து அலமாரியில் வைப்பதுமாக வீட்டில் பேச்சில்லாத ஒரு யுத்தம் நடக்கிறது என்றும் எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். ஆனால் அது சிரிப்பதற்கான விஷயம் இல்லை என்பதைக் கடந்த மூன்று மாதங்களாக எங்கள் வீட்டுச் சமையலறையில் கற்றுக்கொண்டிருப்பவன் என்பதால், இந்தக் கடிதம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

தொடக்கம் ஒரு செய்தித்தாள் துணுக்கு. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு ஓட்டல்களிலோ கடைகளிலோ வீணானதன்று, வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ என்று போட்டிருந்தார்கள். நான் அதை உரக்கப் படித்துவிட்டு, "இதெல்லாம் பணக்கார வீட்டுக் கணக்கு, நம் வீட்டில் ஒரு பருக்கை வீணாவதில்லை" என்றேன். உன் தங்கை, அதாவது என் மனைவி, ஒன்றும் சொல்லவில்லை. பழைய பேப்பர்காரர் எடையில் ஏமாற்றுகிறார் என்ற சந்தேகத்தில் நான் முன்பு வாங்கி வைத்திருந்த கொக்கித் தராசைக் கொண்டுவந்து, குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆளுக்கு 55 கிலோ என்றால் எங்கள் இருவருக்கும் 110 கிலோ, அதாவது வாரத்துக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். தராசு மாட்டிய முதல் வாரத்தில் எங்கள் கூடை 3 கிலோ 400 கிராம் காட்டியது. அந்த அறிக்கையும் தோல், எலும்பு போன்ற தின்ன முடியாதவற்றைச் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது என்பதால், முருங்கைச் சக்கையையும் வாழைக்காய்த் தோலையும் காட்டித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

மறுநாளே வங்கியில் இலவசமாகக் கொடுத்த நாட்குறிப்பு ஒன்றை நூலில் கட்டி, பென்சிலோடு கூடைக்கு மேலே தொங்கவிட்டோம். கூடையில் எது விழுந்தாலும் என்ன பொருள், எவ்வளவு, தோராயமாக என்ன விலை, ஏன் விழுந்தது என்று எழுதிவிட்டுத்தான் போட வேண்டும். யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. ஆடி மாதத்தில் எழுதிய முதல் பக்கத்தை அப்படியே உனக்குப் படித்துக் காட்டுகிறேன். "கொத்தமல்லிக் கட்டு ஒன்று, 15 ரூபாய், பாலித்தீன் பையோடு அழுகியது. அரைக்கீரை ஒரு கட்டு, 15 ரூபாய், நான்கு நாள் ஆயிற்று. இட்லி மாவு ஒரு பெரிய கிண்ணம், 35 ரூபாய், புளித்துப் பொங்கிவிட்டது. சோறு இரண்டு கரண்டி. தக்காளி ஐந்து, 12 ரூபாய், அடியில் கிடந்தவை. சுரைக்காய் அரைத்துண்டு, 10 ரூபாய், நினைவே இல்லை." அந்த "நினைவே இல்லை" என் கையெழுத்து.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது 742 ரூபாய் வந்தது. ஆண்டுக்குப் பெருக்கினால் ஒன்பதாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு. தொகையைவிட அதன் பிரிவுதான் என்னைத் திகைக்க வைத்தது. சமைத்து மிஞ்சி வீணானது 190 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. மீதி முழுவதும் வாங்கி வந்து, அடுப்பையே பார்க்காமல் கூடைக்குப் போனவை. இத்தனை ஆண்டுகளாக வீண் என்றால் சமையலறையின் குற்றம் என்றுதான் நான் பேசி வந்தேன். நோட்டோ, பை தூக்கிச் சந்தைக்குப் போனவனைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

நான் எங்கே காய் வாங்குகிறேன் என்று உனக்குத் தெரியும். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை தொடங்கியது எங்கள் அண்ணாநகரில்தான். அந்த நாள் முதல் அங்கே வாடிக்கையாகப் போகிறவன் நான். இடைத்தரகர் இல்லாததால் விலை குறைவு, காலையில் பறித்தது என்பதால் காய் புதிது. இந்த இரண்டு நன்மையும் சேர்ந்துதான் என்னைக் கெடுத்தன. சந்தைக்கு வந்தவர்கள் கலைந்து போகும் நேரத்தில், மிச்சமிருக்கும் கீரையை மூன்று கட்டாகச் சேர்த்து "எடுத்துக்குங்க ஐயா" என்று ஓர் அம்மா நீட்டும்போது, ஒரு கட்டு விலைக்கு மூன்று கிடைக்கிறதே என்று வாங்கிவிடுவேன். இரண்டு பேர் ஒரு நாளில் ஒரு கட்டுக் கீரைக்கு மேல் சாப்பிட முடியாது. இரண்டாம் நாள் இன்னொரு கீரை என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். மூன்றாம் கட்டு மஞ்சளாகிவிடும். வீட்டுக்கு வந்து சேரும்போது லாபமாக இருந்தது, கூடைக்குப் போகும்போது நட்டமாகிறது.

2023 ஜூலையை நினைத்துப் பார். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே நியாய விலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்ற மாதம் அது. அந்த மாதத்தில் உங்கள் வீட்டில் ஒரு தக்காளியாவது அழுகியிருக்குமா? எங்கள் வீட்டில் காம்பைக் கூட மெலிதாகத்தான் கிள்ளினோம். காலையில் எத்தனை தக்காளி இருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் ரசமா, புளிக்குழம்பா என்று முடிவு செய்தோம். அடுத்த மாதங்களில் விலை இறங்கியதும் எண்ணுவதை விட்டோம், அழுகலும் திரும்பியது. பொருளில் எந்த மாற்றமும் இல்லை. எண்ணுவது மட்டும் நின்றுபோனது.

ஆகவே இப்போது செய்வது இவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை பெரிய பையோடு போவதை விட்டு, இரண்டு முறை சின்னப் பையோடு போகிறேன். பையின் அளவே ஒரு கட்டுப்பாடு. புறப்படுவதற்கு முன் பிரிட்ஜைத் திறந்து பார்த்து, இருப்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்கிறேன். வாங்க வேண்டியதை அல்ல, ஏற்கெனவே இருப்பதை. சந்தைக்குப் போகும் நாளுக்கு முந்தின நாள் புதிதாக எதையும் நறுக்குவதில்லை. கால் கேரட், இரண்டு கத்தரிக்காய், அரை முருங்கைக்காய் எல்லாம் சேர்ந்து அன்று கதம்ப சாம்பாராகிவிடும். வாரத்திலேயே அன்றைய சாம்பார்தான் நன்றாக இருக்கிறது என்பதை வீட்டில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வைத்திருக்கும் முறையிலும் சில தவறுகள் இருந்தன. கொத்தமல்லியை ஈரத்தோடு பாலித்தீன் பையில் முடிந்து உள்ளே தள்ளினால், மூன்றாம் நாள் பையின் மூலையில் கறுப்பாக ஒரு கூழ் தேங்கும். அந்த வாடை உனக்கும் தெரிந்திருக்கும். வேரைக் கிள்ளி, துணியில் பரப்பி ஈரம் உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றி டப்பாவில் வைத்தால் பத்து நாள் வரை பச்சையாகவே இருக்கிறது. வாழைப்பழம், மாம்பழம், தக்காளி ஆகியவை பழுக்கும்போது விடுகிற எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் கீரையையும் சீக்கிரம் மஞ்சளாக்கும் என்பதால், அவற்றைத் தனிக் கூடைக்கு மாற்றிவிட்டோம். மிச்சத்தை எவர்சில்வர் டப்பாவில் மூடி வைக்கும் பழக்கத்தையும் விட்டாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத டப்பாவை யாரும் திறப்பதில்லை, இல்லையா? இப்போது கண்ணாடிக் கிண்ணங்கள், அதுவும் கண்ணுக்கு நேரான தட்டில்.

அரிசி விஷயத்தில்தான் சண்டை வந்தது. பிள்ளைகள் இருந்த காலத்தில் நான்கு பேருக்கு மூன்று ஆழாக்கு போட்ட கை, அவர்கள் போய் ஆறு ஆண்டுகள் ஆன பின்பும் இரண்டரைக்குக் கீழே இறங்க மறுத்தது. ஒன்றரை போதும் என்றேன். "திடீரென்று யாராவது வந்தால்?" என்று கேட்டாள். கடந்த ஆறு மாதத்தில் சொல்லாமல் வந்தவர்களைக் கணக்கெடுத்தோம்: இரண்டு பேர். அதில் ஒருவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார். யாராவது வந்தால் பத்து நிமிடத்தில் உப்புமா கிண்ட ரவை எப்போதும் வீட்டில் இருக்கும் என்ற உடன்படிக்கையோடு ஒன்றரை ஆழாக்கு அமலுக்கு வந்தது. மாவையும் பாதியாகக் குறைத்தோம். ஆட்டியவுடன் இரண்டு பாத்திரமாகப் பிரித்து, மறுநாளைக்கு வேண்டியதை மட்டும் வெளியில் புளிக்கவிட்டு, மற்றதைப் பொங்குவதற்கு முன்பே பிரிட்ஜில் வைத்துவிடுகிறோம். அப்படியும் புளித்தால் வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட குழிப்பணியாரம்.

மிச்சத்தைப் பயன்படுத்துவதில் நம் அம்மாக்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக் காலையில் சின்ன வெங்காயத்தோடு நீராகாரம், பீர்க்கங்காய்த் தோலில் துவையல், சித்திரை வெயிலில் கொத்தவரங்காய் வற்றல், மிஞ்சிய சோற்றையே அரைத்து மொட்டை மாடியில் பிழிந்த வடகம் எல்லாம் நீயும் நானும் தின்று வளர்ந்தவைதாம். ஆனால் இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பட்டேன். நோட்டில் வரி ஏறக் கூடாது என்ற வீம்பில், இரண்டு நாள் ஆன தேங்காய்ச் சட்டினியை முகர்ந்து பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று நானே தீர்ப்பு எழுதித் தின்றேன். பதினைந்து ரூபாய்ச் சட்டினியைக் காப்பாற்றியதற்கு மருத்துவருக்கும் மருந்துக்கும் 640 ரூபாய் ஆயிற்று. அந்த 640 ரூபாயையும் உன் தங்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், "வீணானது" என்ற பத்தியில். சமைத்த சோற்றைப் பல மணி நேரம் வெறுமனே வெளியில் விட்டாலும் இதே ஆபத்து உண்டு. அதில் பெருகும் ஒரு வகைக் கிருமி விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது என்று மருத்துவர் சொன்னார்.

இனி உன் வீட்டு யுத்தம். மருமகளும் சரி, தங்கையும் சரி, இருவருமே பாதி சரி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, உறையில் "எக்ஸ்பைரி" அல்லது "யூஸ் பை" தேதி கட்டாயம் இருக்க வேண்டும். அது தாண்டினால் மருமகள் சொல்வதே சரி, தூக்கிப் போடத்தான் வேண்டும். சில உறைகளில் கூடுதலாக "பெஸ்ட் பிஃபோர்" என்றும் இருக்கும். அது சுவையும் மொறுமொறுப்பும் குறையத் தொடங்கும் நாள். அது தாண்டிய பிஸ்கட்டைத் தங்கை எடுத்து வைத்தால் குற்றமில்லை. இதை நீ போய் விளக்கப் புறப்படாதே. ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கூடைக்கு மேலே கட்டிவிட்டு, முதல் பக்கத்தில் உன் தவறையே நீ முதலில் எழுது. உன் வீட்டிலும் பையைத் தூக்கிப் போவது நீதானே?

சென்ற மாதக் கணக்கில் எங்கள் கூடைக்குப் போனது 255 ரூபாய். அதற்குக் கீழே இறக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மழைக்காலத்தில் கீரை ஒரே நாளில் படுத்துவிடுகிறது, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கார்த்திகை முதல் வாரத்தில், நாங்கள் இருவரும் திருச்சிக்கு வரலாம் என்றிருக்கிறோம். இரண்டு நாள் தங்குவோம். சொல்லாமல் வந்து நின்று உங்களை ரவை தேட வைக்கக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன். தங்கையிடம் சொல், எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றரை ஆழாக்கு மட்டும் கூடுதலாகப் போட்டால் போதும்.

உன் அன்பு நண்பன்