இருமச் சொல்லி வலி கேட்டவர்களுக்கு

வயிற்றுப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வலி குறைய வயிற்றுச் சுவரின் தசைகளுக்கு நடுவே மரப்பு மருந்து ஏற்றும் டேப் பிளாக் நல்லதா, முதுகெலும்பை ஒட்டிய தசைக்கு அடியில் ஏற்றும் எரெக்டர் ஸ்பைனே பிளாக் நல்லதா என்று ஒப்பிடும் எங்கள் வேலைக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி இரவுப் பணி சிஸ்டர்களுக்குத்தான். வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்டால், அசையாமல் படுத்திருப்பவர் ‘2’ என்பார். இருமச் சொன்னால் அவரே ‘7’ என்பார். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியாவில் போய் நிற்கும். அறுவை முடிந்து 2, 6, 12, 24 மணி நேரம் ஆனபோது இரண்டு எண்ணையும் விடாமல் குறித்தீர்கள். அதுவும் எந்த பிளாக் போட்டது என்று தெரியாமலே. தெரிந்துகொண்டு “இப்ப பரவாயில்லதானே?” என்று கேட்டால் யார் இல்லை என்பார்?

தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்து ஆட்களுக்கு 0 முதல் 10 வரையிலான கணக்கைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் புரியவைத்ததும் நீங்களே.

வார்டில் பழைய சீட்டை நம்பாமல் திரும்ப எடை பார்த்தவர்களை மறக்க முடியாது. பிளாக்குக்குப் போடும் மரப்பு மருந்தான 0.25% பியூபிவகெயின் வலம், இடம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 மி.லி. என்றால் மொத்தம் 100 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் 50 கிலோ ஆளுக்கு அதுவே எல்லை. நோயில் இளைத்து 40 கிலோவானவருக்குப் பக்கத்துக்கு 16 மி.லி.தான். மீறினால் உதடு மரக்கலாம், காதில் ரீங்காரம் கேட்கலாம், வலிப்பு வரலாம், இதயத் துடிப்பும் தடுமாறலாம். அப்படி ஆனால் உடனே ஏற்ற வேண்டிய கொழுப்புக் கரைசலான 20% லிப்பிட் எமல்ஷனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்த மருந்தகத்தாருக்கும் நன்றி.

சர்ஜன்கள் கீறல் எங்கே என்று முன்கூட்டியே சொன்னார்கள். கீறல் தொப்புளுக்கு மேலே போனால் இடுப்புப் பக்கம் போடும் டேப் எட்டாது. விலா எலும்பின் கீழ் ஓரமாகப் போட வேண்டும். தையல் போடும்போது காயத்தில் மரப்பு ஊசி போடும் வழக்கத்தையும் நிறுத்திவைத்தார்கள். போட்டிருந்தால் ஒப்பீடும் கெடும், மருந்தளவும் கூடும்.

எரெக்டர் பிளாக்குக்கு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவரை டியூபும் டிரெயினும் இழுபடாமல் திருப்பிப் பிடித்த தியேட்டர் உதவியாளர்களின் முதுகுக்கு எங்கள் மரியாதை. இவ்வளவு பாடு எதற்கு என்றால், டேப் வயிற்றுச் சுவரை மட்டும் மரக்கச் செய்யும், உள்ளுறுப்பு வலி அப்படியே இருக்கும். எரெக்டரில் மருந்து முதுகெலும்பை ஒட்டிப் பரவி அந்த உள்ளுறுப்பு வலியையும் தணிக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி பரவாது.

டேப்புக்கு முதலில் சலைன் 2 மி.லி. ஏற்றி, ஸ்கேனில் இரு தசைகளுக்கு நடுவே அவரைக்கொட்டை வடிவில் பிரிகிறதா என்று பார்த்த பிறகே மருந்தை ஏற்றிய பிஜி மருத்துவர்களுக்கும் நன்றி. தசையே உப்பினால் ஊசி தப்பான இடத்தில் இருக்கிறது.

எந்த பிளாக் என்பது சீட்டுக் குலுக்கலில்தான் வரும் என்று தெரிந்தே கையெழுத்திட்ட நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் கைகூப்பி நன்றி.

இப்படிக்கு,
மயக்கவியல் பிரிவினர்,
கிருஷ்ணகிரி