வெட்டுங்கள், ஆனால் டிக்கெட் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்

மத்தியத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஜூலையில் வந்த சூப்பர்மேன் படத்தில் நாயகனும் நாயகியும் காற்றில் மிதந்தபடி முத்தமிடும் 33 வினாடிகள் இங்கே வெட்டுப்பட்டுப் போனதும், அதற்கு எழுந்த சிரிப்பும் கோபமும் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஹாலிவுட் படமோ இந்திப் படமோ, வந்த வாரமே தியேட்டரில் பார்த்துவிடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஒரு படத்தில் எதை வெட்டினீர்கள் என்பதை, டிக்கெட் வாங்கும் இடத்திலேயே எங்களுக்குத் தெரியும்படி செய்யுங்கள்.

வெட்டவே வேண்டாம் என்பதுதான் என் ஆசை. ஆனால் வயதுக்கேற்ற சான்றிதழ் தருவதோடு வாரியத்தின் வேலை நிற்கட்டும் என்று 2016-இல் ஷியாம் பெனகல் குழு பரிந்துரைத்தே இத்தனை காலமாகிவிட்டது. அரசு அமைத்த குழுவின் பேச்சுக்கே இந்த மரியாதை என்றால் என் பேச்சுக்கு என்ன கிடைக்கும்? 2023-இல் சட்டத்தைத் திருத்தி யு/ஏ பிரிவை 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்தார்கள். பார்ப்பவரின் வயதை இவ்வளவு நுணுக்கமாக அளந்த பிறகும் கத்தரிக்கோல் ஓயவில்லை. சரி, வெட்டுங்கள். வெட்டியதைச் சொல்லுங்கள் என்கிற அளவுக்கு இறங்கி வந்துவிட்டேன்.

அரை நிமிடம் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். போவது அரை நிமிடம் மட்டும் என்றால் நானும் விட்டுவிடுவேன். ஒரு காட்சி அறுந்து இசை பாதியில் துள்ளி அடுத்த காட்சிக்குத் தாவியதும், பார்க்கிறவன் மனத்தில் சந்தேகம் நுழைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு திரையில் வரும் ஒவ்வொரு தாவலையும் அந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. இது இயக்குநர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியா, உங்கள் கைவேலையா? ஒரு பாத்திரம் திடீரென்று மௌனமானால், அது நடிப்பா, அழிக்கப்பட்ட வசனமா? காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டுக் கதை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படத்தைப் பார்ப்பது இங்கே துப்பறியும் வேலையாகிவிட்டது. படம் முடிந்து வெளியே வந்து "எடிட்டிங் சரியில்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் யாரைத் திட்டுகிறார் என்று அவருக்கே தெரியாது. பழி மட்டும் எடிட்டர் தலையில் விழுகிறது.

ஓப்பன்ஹைமர் 2023-இல் வந்தபோது நடிகை ஃப்ளாரன்ஸ் பியூவுக்குக் கணினியில் ஒரு கறுப்பு உடை மாட்டப்பட்டிருந்தது. வாரியம் சொல்லி மாட்டியதா, பட நிறுவனமே முன்ஜாக்கிரதையாக மாட்டியதா என்பதைத் தியேட்டரில் யாரும் சொல்லவில்லை. அதே படத்தில் அணுகுண்டு செய்வதைக் கண்கொட்டாமல் பார்க்கலாம், அதில் தடையில்லை. 2015-இல் ஸ்பெக்டர் படத்தில் ஜேம்ஸ் பாண்டின் முத்தம் பாதியாகச் சுருங்கியது. அவர் சுட்டுத் தள்ளியவர்களின் எண்ணிக்கையையும் பாதியாக்கியிருக்கலாம்; யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. 2025-இல் எஃப்1 படத்தில் நடுவிரல் காட்டும் இமோஜி முஷ்டியாக மாறியது. விரலைவிடக் குத்து நாகரிகம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இந்திப் படத்தில் இதே கதை இன்னும் நீளம். 2016-இல் உட்தா பஞ்சாப் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய், ஒரே ஒரு வெட்டோடு ஏ சான்றிதழில் வெளியே வந்தது. 2023-இல் அனிமல் படத்துக்கும் ஏ தான். நீங்கள் மாற்றச் சொன்னவற்றில் படுக்கையறைக் காட்சியின் குளோசப் இருந்தது. ரத்தம் மட்டும் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் தாராளமாக ஓடியது. பதினெட்டு வயது தாண்டியவர்களை மட்டும் உள்ளே விட்டு, அவர்களிடமிருந்தும் மறைப்பது யாரைக் காப்பாற்ற?

உங்கள் பதில் எனக்குத் தெரியும். ஏ தருகிறோம் என்றோம், அவர்கள்தான் யு/ஏ வேண்டுமென்று வெட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள் என்பீர்கள். உண்மையாகவே இருக்கலாம். ஏ என்றால் குடும்பக் கூட்டம் வராது, தொலைக்காட்சியில் போட முடியாது. உலகம் முழுக்க ஒரே வெள்ளிக்கிழமையில் இறங்கும் ஹாலிவுட் படத்துக்கு வழக்குப் போட நேரமும் கிடையாது. மேல்முறையீட்டுக்கு இருந்த தீர்ப்பாயத்தையும் 2021-இல் கலைத்தாகிவிட்டது. இப்போது உயர் நீதிமன்றம்தான் வழி. அதனால் வெட்டிக்கொண்டு போகிறார்கள். அது உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் நடந்த பேரம். அந்தப் பேரத்தில் எங்களைக் கூப்பிடவில்லை, ஆனால் முழுப் படத்துக்கான காசு எங்களிடம்தான் வாங்கப்படுகிறது.

இதற்கு நடுவே சிகரெட் எச்சரிக்கை வேறு. திரையில் யாராவது புகைத்தால் உடனே மூலையில் எழுத்து முளைக்கிறது. அதற்கு ஒப்பாமல்தான் 2013-இல் வுடி ஆலன் தன் ப்ளூ ஜாஸ்மின் படத்தை இங்கே திரையிட விடவில்லை. அது சுகாதார அமைச்சகத்தின் விதி, உங்களுடையது இல்லை என்பதால் அந்தக் கோபத்தை இங்கே கொட்டக் கூடாது. மன்னிக்கவும்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். வெட்டு விழுந்த படத்தின் சான்றிதழில் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் போடும் வழக்கம் உண்டு. பத்து வினாடி திரையில் நிற்கும் அந்தத் தாளைப் பார்க்கும்போது நாங்கள் காசு கொடுத்து இருக்கையில் உட்கார்ந்தாகிவிட்டது. அந்த முக்கோணத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள். டிக்கெட் செயலியில் படத்தின் பெயர், மொழி, நேரம் எல்லாம் வருகிறதே, அங்கேயே இன்னொரு வரி வரட்டும்: எத்தனை இடத்தில் வெட்டு, மொத்தம் எத்தனை வினாடி, வாரியம் கேட்டதா, தயாரிப்பாளரே செய்ததா. காட்சியில் என்ன இருந்தது என்று விவரிக்க வேண்டாம், கதை தெரிந்துவிடும். தியேட்டர் கவுண்டரிலும் அதே வரியை ஒட்டச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டுத் தியேட்டரில் பார்ப்பதா, ஓடிடியில் வரும்வரை பொறுப்பதா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

அந்த ஒரு வரிக்கு நீங்கள் ஆவன செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் ஒருவன்